எவர் வேடம் பூணுவது?

தானல்லாத ஒருவனாகத் தன்னைப் புனைந்துகொள்ளும் விருப்பம் மக்கட்பிறப்போடு ஒட்டிப் பிறந்தது. கோலைக் குதிரையாக்கி ஓடும் குழந்தையிடத்தும், அரிதாரம் பூசி விடியுமளவும் ஆடும் கூத்தனிடத்தும் நாம் காண்பது ஒரே விருப்பமே. அவ்விருப்பத்தின் புதியதொரு கிளையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பழைய ஜப்பானிய வீரரைப் போலக் கவசம் பூண்டு, வாளேந்திப் பொருது விளையாடுதல் என்பதே அது. இளைஞர் விளையாட்டில் ஆராய என்ன உளது என்று சிலர் வினவலாம். விளையாட்டுத்தான், ஐயமில்லை. ஆயினும் செந்தூலில் வாழும் தமிழிளைஞன் ஒருவன் அதில் இறங்கும்பொழுது, ‘எவனுடைய வேடத்தை நான் பூணுவது?’ என்னும் கேள்வி அவன் முன் வந்து நிற்கின்றது. அதற்கு அவன் தரும் விடை, அவன் மனிதரை எவ்வாறு மதிக்கின்றான் என்பதைக் காட்டிவிடும். ஆதலின் இஃது அறத்தைப் பற்றிய கேள்வியே.

முதலில் செய்தியை அறிவோம். 1966-ஆம் ஆண்டு மே முதல் நாள், அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி நகரில், நண்பர் சிலர் ஒரு வீட்டுக் கொல்லையிற் கூடி இடைக்காலப் போர்முறையில் பொருது மகிழ்ந்தனர். அக்கூட்டம் பின்னர்ப் பெருங்கழகமாய் வளர்ந்து பல நாடுகளிற் பரவியது. ஐரோப்பிய வேடங்களே அங்கு மிகுதி; ஜப்பானிய வேடம் பூணுவோரும் உளர். அவர்கள் பொரும் வாள் இரும்பன்று, பிரம்பு. ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் பருமனுள்ள பிரம்பையே வாளாகக் கொள்கின்றனர். தலைக்கு எஃகுக் கவசம் வேண்டும். கழுத்து, கை, முழங்கை, முழங்கால், இடுப்பின் பின்புறம் யாவற்றுக்கும் காப்பு வேண்டும். இவையின்றி எவரும் களத்தில் இறங்கலாகாது. மலாய்க் காடுகளில் விளைந்து, நம் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் கையிலும், சிலம்பக் கூடங்களில் ஆட்டக்காரர் கையிலும் இருந்த அதே பிரம்புதான் அங்கே வாளாகி நிற்கின்றது.

இவ்விளையாட்டில் புகுவோன் கவசம் தேடுவதோடு ஓர் ஆளையும் படைத்துக்கொள்ளுதல் வழக்கம். அவ்வாள் இருந்திருக்கக்கூடியவன், ஆனால் இராதவன். அவன் இன்ன ஆண்டில், இன்ன ஊரில், இன்ன தொழில் செய்து வாழ்ந்தான் என்று நூல்களைக் கற்று வகுத்துக்கொள்ளலாம். வரலாற்றிற் புகழ்பெற்ற ஒருவரையே தானெனக் கூறிக்கொள்ளல் ஆகாது என்பது அக்கழகத்தின் விதி. நம் ஊரார்க்கு இவை யாவும் மிகத் தொலைவானவை அல்ல. ஷா ஆலத்தில் போன் ஒடோரி ஆடல்விழா பல்லாண்டுகளாக நடந்து வருகின்றது. கோலாலம்பூரில் 2002-ஆம் ஆண்டு தொடங்கிய காமிக் பியெஸ்டாவில் ஜப்பானியச் சித்திரக்கதை மாந்தரின் உடைதரித்து இளைஞர் திரள்கின்றனர். செந்தூலிலேயே பழைய ரயில்வேக் கட்டிடமொன்றைத் தன்னுட்கொண்ட நாடக அரங்கு 2005-இல் திறக்கப்பட்டது. வேடம் பூணுதல் இவ்வூர்க்குப் புதிதன்று.

எனினும் ஜப்பானிய வாளென்றவுடன் நம் முதியோர் குடும்பங்களில் ஒரு மௌனம் சூழ்கின்றது. காரணம் வெளிப்படை. 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூரைக் கைக்கொண்டது. அதன்பின் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்புப்பாதை அமைக்க ஆள் பிடித்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் வாந்திபேதியாலும் மலைக்காய்ச்சலாலும் பட்டினியாலும் பதினாயிரக் கணக்கில் மாண்டனர். போர்க்கைதிகளாய் இறந்த வெள்ளையர்க்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் உள. நம்மவருட் பெரும்பாலோர்க்குப் பெயருமில்லை, கல்லுமில்லை. அதே காலத்தில், இந்தியாவின் விடுதலையை விரும்பி, 1943-இல் ஜான்சி ராணிப் படையிற் சேர்ந்து துப்பாக்கி ஏந்திய தோட்டத்துப் பெண்களும் நம்மவரே. நம் நினைவு ஒற்றை நிறமுடையதன்று. எனினும், ‘அந்த வாளையா என் பேரன் விளையாட்டுக்கு எடுப்பது?’ என்று ஒரு பாட்டி கேட்பாளாயின், அவள் கேள்வியை எள்ளி நகையாட எவர்க்கும் உரிமையில்லை.

அக்கேள்விக்கு விடை வரலாற்றிலேயே கிடக்கின்றது. ஜப்பானில் 1873-இல் கட்டாயப் படைச்சேவை வந்தது. 1876-இல் சாமுராய் வகுப்பார் வாள் தரித்து நடமாடும் உரிமை நீக்கப்பட்டது. ஆகவே 1941-இல் இங்கு வந்த படை சாமுராய்ப் படையன்று. பெரும்பாலும் குடியானவர் பிள்ளைகளைத் திரட்டிய படை. பின் அந்த வாள் எங்கிருந்து வந்தது? 1900-இல் நிதோபே இனாசோ என்பவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘புஷிதோ’ என்னும் நூல் வீரர் ஒழுக்கத்தை உலகோர் மெச்ச எடுத்துரைத்தது. அவ்வொழுக்கத்தின் பெயரைப் படைத்தலைவர் தம் ஆதிக்கத்துக்குப் பயன்படுத்தினர். மேனாட்டு வடிவிலிருந்த அதிகாரிகளின் வாள், 1934-இல் பழைய சாமுராய் வாளின் வடிவுக்கு மாற்றப்பட்டது. இதன் பொருள் என்னை? கோலாலம்பூர்த் தெருக்களில் வாளுடன் நடந்த அதிகாரியும் வேடம் பூண்டவனே! ஆனால் தான் பூண்டது வேடம் என்பதை அவன் அறிந்திலன். பிரம்பு வாளேந்தும் இளைஞனோ மாலையில் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் பெயர்க்குத் திரும்புகின்றான். கேடு வேடத்தில் இல்லை. வேடத்தை மெய்யென்று நம்புவதில் உளது.

‘நம் சிலம்பம் இருக்க அயலார் வாள் எதற்கு?’ என்று கேட்போரும் உளர். கலை எதுவும் ஒரு குலத்தின் தனியுடைமை அன்று. பிறப்பினால் இன்னார்க்கு இன்ன கலை என்று வரம்பு கட்டியதனால் நாம் பட்ட பாடு போதாதா? தன் கலையை அறிந்தவன் பிறர் கலையையும் கற்பானாயின் அது பேறேயாகும்.

இனி நடுக்கேள்விக்கு வருவோம். எவர் வேடம் பூணுவது? புதிதாய்ப் புகுவோர் அனைவரும் பெரும்பாலும் விரும்புவது ஒன்றே: பட்டுக் கயிற்றாற் கோத்த கவசமும், கொம்பு வைத்த தலைக்காப்பும், இரட்டை வாளும், குலப்பெயரும் உடைய சாமுராய். ஆனால் பதினாறாம் நூற்றாண்டின் போர்க்களங்களை நிரப்பியவர் அவர் அல்லர். ‘அஷிகாரு’ எனப்பட்ட காலாட்களே படையிற் பெரும்பகுதியினர். நீண்ட ஈட்டியும் வில்லும், 1543-க்குப் பின் துப்பாக்கியும் அவர் கையில் இருந்தன. கவசமும் பலர்க்குச் சொந்தமன்று. தலைவன் இரவலாய்க் கொடுத்தது. சேப்பந்தண்டைக் கயிறாய்த் திரித்து, ‘மிசோ’ என்னும் புளித்த சோயாக் கூழில் வேகவைத்து உலர்த்தி, அதனாற் பொதியைக் கட்டிச் செல்வர். பசித்தபொழுது அக்கயிற்றிற் சிறிது நறுக்கி வெந்நீரிலிட்டுக் குடிப்பர். பொதி கட்டிய கயிறே உணவான வாழ்க்கை அது.

அவர்க்கும் கீழே ஒரு கூட்டம் இருந்தது. கவசத்துக்குத் தோல் வேண்டும். தோல் பதனிட்டோர் தீண்டத்தகாதோராய் ஒதுக்கப்பட்டனர். அவர் பதனிட்ட தோலைப் பிரபு மார்பில் அணிந்தான். அவரை வாயிற்படியில் அணுக விடவில்லை. 1871-இல் சட்டம் அவ்விழிவை நீக்கிற்று. ஆயினும் மக்கள் மனத்தில் அது நீங்காமையால், 1922-இல் அவ்வகுப்பார் ‘சுயிஹெய்ஷா’ என்னும் சமத்துவ இயக்கத்தைத் தாமே கண்டனர். கடல்கடந்த நாட்டிலும் நம் சேரியின் சாயலைக் காண்கின்றோம் அல்லவா?

ஹிதெயோஷியின் கதை இன்னும் ஒருபடி கற்பிக்கும். எளிய குடியிற் பிறந்து, ஏவலாளாய்த் தொடங்கி, ஜப்பான் முழுதையும் தன் ஆட்சியிற் கொண்டுவந்தவன் அவன். உயர்ந்தபின் அவன் செய்ததென்ன? 1588-இல் குடியானவர் கையிலிருந்த வாள்களைப் பறித்தான். அவ்விரும்பு பெரிய புத்தர் கோயிலுக்கு ஆணியாகும், அதனாற் குடியானவர்க்குப் புண்ணியம் உண்டு என்று காரணமும் சொன்னான். 1591-இல் உழுவோன் உழுவோனாகவே இருக்கவேண்டும், படைஞன் படைஞனாகவே இருக்கவேண்டும் என்று ஆணையிட்டான். தான் ஏறிவந்த ஏணியைத் தானே எடுத்து வைத்தவனை வீரனென்று புகழலாம். நீதிமானென்று புகழ இயலுமா?

இப்பிழை ஜப்பானிய வேடத்தில் மட்டும் உள்ளதென்று எண்ணற்க. நம் மேடைகளைக் காண்மின். தமிழர் பெருமை பேசும் விழாவெனில் சிறுவர் அனைவரும் சோழ மன்னராய் வருவர். 1025-இல் இராசேந்திரன் கடாரம் கொண்டதைச் சொல்லி மகிழ்வோம். அக்கப்பல்களிற் துடுப்பு வலித்தவன் வேடம் பூண்டு ஒரு சிறுவன் மேடையேறியதைக் கண்டோமா? அரிச்சந்திர நாடகத்தை நினைமின். மன்னன் அடிமையாகிச் சுடலை காக்கும் காட்சியில் கொட்டகை முழுதும் கண்ணீர் வடிக்கும். சுடலை காப்பவனாகவே பிறந்து, வளர்ந்து, அங்கேயே மடிந்தவனுக்காக அழுதவர் எத்துணைப் பேர்? அரசன் ஒருவன் சின்னாள் பட்டால் துன்பம். ஏழை ஆயுள் முழுதும் பட்டால் இயற்கை என்று நம் மனம் பழகிவிட்டது. வேடம் பூணுதலின் மெய்ப்பயன் இப்பழக்கத்தை உடைப்பதே. உயர்ந்தவனாகத் தன்னை நினைத்துக்கொள்ள எவர்க்கும் பயிற்சி வேண்டா. தாழ்த்தப்பட்டவன் உடலுக்குள் புகுந்து, அவன் பசியையும் அச்சத்தையும் மானத்தையும் உணர்வதற்கே கல்வியும் கற்பனையும் வேண்டும்.

அப்பிரம்புவாட் போரில் நாம் மெச்சத்தக்க விதியொன்று உளது. பட்ட அடி மெய்யான வாளாயின் வெட்டியிருக்குமா என்பதை அடித்தவன் தீர்மானிப்பதில்லை, அடிபட்டவனே சொல்லவேண்டும். கையிற் பட்டதெனின் அக்கையை விலக்கிப் பொருவான். காலிற் பட்டதெனின் மண்டியிட்டுப் பொருவான். உயிர்நிலையிற் பட்டதெனின் வீழ்வான். அடித்தவன் அவன் சொல்லை ஏற்கவேண்டும். பொய் சொல்லி நின்று வெல்லலாம். ஆனால் அவ்வெற்றிக்கு மதிப்பில்லை. உலக வழக்கு இதற்கு நேர்மாறன்றோ? உலகில் அடித்தவனே, ‘இஃது அடியன்று, வெறும் மரபு’ என்று தீர்ப்பும் அளிக்கின்றான். எடோக் காலத்தில் தன்னை அவமதித்த குடியானவனை, சில வரையறைகளுக்கு உட்பட்டு, வெட்டிவிடச் சாமுராய்க்கு உரிமை இருந்தது. அவமதிப்பு எதுவென்று முதலிற் சொல்பவன் வாளுடையவனே.

நம் கிள்ளானுக்கு வருவோம். 1941-இல் அவ்வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபொழுது கேட்டவை கூலி உயர்வு மட்டும் அல்ல. துரையும் கிராணியும் எதிரில் வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதும் அவர் கோரிக்கைகளுள் ஒன்று. துரைக்கு அது சிறு மரியாதை. இறங்கி நின்றவனுக்கு அஃது அடி. ‘எனக்குப் பட்டது’ என்று அடிபட்டவன் எழுந்து சொன்ன நாள் அது. ஆட்சியாளர் அச்சொல்லை ஏற்கவில்லை, படையை ஏவினர், தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். விளையாட்டுக் களத்தில் உள்ள நேர்மை ஆட்சிக் களத்தில் இல்லாமற் போயிற்று.

ஆதலின் இவ்விளையாட்டை விரும்பும் இளைஞர்க்கு, ஆண் பெண் இருபாலார்க்கும், நாம் கூறுவது இது. தாராளமாய்த் தொடங்குக. வாள் வாங்குமுன் நூல் வாங்குக. ஓர் ஆண்டையும் ஓர் ஊரையும் தேர்ந்துகொள்க. உம் ஆள் என்ன உண்டான், அதை விளைத்தவன் யார், விளைச்சலிற் பிரபு கொண்ட பங்கென்ன, கவசத்தின் தோலைப் பதனிட்டவன் எங்கு வாழ்ந்தான் என்று கேட்க. முதல் வேடம் காலாளின் வேடமாக இருக்கட்டும். அதற்குச் செலவும் குறைவு, கற்பதும் மிகுதி. பின்னர்ப் பிரபுவின் வேடமே பூணினும் எவன் தோள்மேல் நிற்கின்றோம் என்பதை மறவாதிருப்பீர். அடிபட்டால் மெய் சொல்லுக. மாலையில் கவசத்தோடு செருக்கையும் கழற்றி வைக்க.

இக்கற்பனைப் பயிற்சியை ஜப்பானோடு நிறுத்திவிடுதலும் ஆகாது. 1570-இல் வாழ்ந்திருக்கக்கூடிய ஒரு காலாளுக்குப் பெயரும் ஊரும் உணவும் தேடிக் கண்டுபிடிக்கும் இளைஞன், 1943-இல் சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒரு தமிழனுக்கும் அவற்றைத் தேடலாமே! அவன் எந்தக் கப்பலில் வந்தான்? எந்தக் கங்காணி அழைத்து வந்தான்? எந்தத் தோட்டத்தில் எத்தனை மரம் சீவினான்? செந்தூல் ரயில்வேப் பட்டறையில் இரும்படித்தவனா? போகும்பொழுது வீட்டில் யாரை விட்டுச் சென்றான்? இவற்றை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். இருந்திராத ஒருவனுக்கு வாழ்க்கை வகுத்துக் கொடுக்கும் ஆற்றல் நம் இளைஞர்க்கு இருப்பது மகிழ்ச்சியே. மெய்யாகவே இருந்து, பெயரின்றி மறைந்தவனுக்கும் அவ்வாற்றலில் ஒரு பங்கு உரியது.