கடல் கடக்கும் குடும்பமும் திக்விரதமும்

இல்லறத்தார்க்கென ஜினதர்மம் வகுத்த பன்னிரு விரதங்களுள் இன்று நம் வீடுகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது திக்விரதம் ஆகும். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை முதலிய அணுவிரதங்களைச் சிறு பிள்ளைகளும் ஒப்பிப்பர். ஆனால், 'இத்திசையில் இவ்வளவு தொலைவுக்கு மேல் செல்லேன்' என்று எல்லை வகுத்துக்கொள்ளும் நோன்பு ஒன்று உண்டு என்பதைப் பெரியோருள்ளும் பலர் மறந்துவிட்டனர். விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர் சென்று சேரும் இக்காலத்தில் இந்நோன்புக்கு என்ன பொருள் என்று கேட்போரும் உளர். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அயல்நாட்டில் குடியேற எண்ணும் குடும்பத்தார் அமர்ந்து சிந்திக்க வேண்டிய செய்தி இந்நோன்பில்தான் உள்ளது என்பதை இங்கு எடுத்துரைக்க விழைகிறேன்.

நாம் முன்பே பெயர்ந்தவர்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களின் வேர் வந்தவாசி, ஆரணி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் உள்ளது. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் டாங்க் தொழிற்சாலையும் எழுந்தபின், நிலத்தை நம்பியிருந்த பல சமூகத்தாரைப் போல நம்மவரும் இப்பக்கம் வந்தனர். பிள்ளைகள் ஊர்ச் ஜினாலயத்தின் நிழலை விட்டு நகரத்துப் பள்ளிகளில் சேர்ந்தனர். மேல்சித்தாமூருக்கும் பொன்னூர்மலைக்கும் செல்வது ஆண்டுக்கு ஓரிரு முறை என்றாயிற்று. புழல் ஆதிநாதர் ஆலயம் அருகிலிருப்பது நம் நற்பேறு. எனினும், அங்கும் வாரந்தோறும் செல்வோர் எத்தனை பேர் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதனைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. 'வெளிநாடு சென்றால் தர்மம் கெடும்' என்று முதியோர் அஞ்சுகின்றனர். தர்மத்தின் பிடி தளர்வதற்குக் கடல் வேண்டியதில்லை. அறுபது கல் தொலைவே போதும் என்பதை நம் அனுபவம் காட்டிவிட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் தொகை 89,265 மட்டுமே. வடநாட்டிலிருந்து வந்து வாழ்வோரும் இதில் அடங்குவர். இத்துணைச் சிறிய சமுதாயத்தில் ஒரு குடும்பம் பெயர்ந்தாலும் அது ஊர் முழுவதற்கும் உரிய செய்தியாகிறது. ஆகவே, செல்லலாமா கூடாதா என்னும் வாதத்தோடு நில்லாமல், எவ்வாறு செல்வது என்று ஆராய்வதே பயனுடையது.

நூல்கள் கூறும் எல்லை

சமந்தபத்திர ஆச்சாரியர் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார் ஒழுக்கத்தை விளக்கும் நூல்களாகும். கடல், ஆறு, காடு, மலை, நாடு ஆகியவற்றை அடையாளமாகக் கொண்டு, பத்துத் திசைகளிலும் வாழ்நாள் முழுவதற்கும் எல்லை வகுத்துக்கொள்வதே திக்விரதம். அவ்வெல்லைக்கு அப்பால் அவனால் எவ்வுயிர்க்கும் தீங்கு நேராது; எவர் பொருளும் கவரப்படாது. அதனால், அப்பகுதியைப் பொறுத்தவரை இல்லறத்தானின் அணுவிரதமும் முனிவரின் மகாவிரதத்திற்கு நிகராகிறது என்று ஆச்சாரியர் உரைப்பர். எத்துணை உயர்ந்த எண்ணம்! இவ்வெல்லைக்குள்ளும் மாதம், பருவம், ஆண்டு எனக் காலத்தை வரையறுத்து மேலும் சுருக்கிக்கொள்வது தேசாவகாசிகம் எனப்படும்.

இவ்விரதத்திற்கு நேரும் குற்றங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரம் கூறும். மேலே, கீழே, பக்கவாட்டில் எல்லை கடத்தல் முதல் மூன்று. நான்காவது, வகுத்த எல்லையைச் சிறிது சிறிதாகப் பெருக்கிக்கொள்ளுதல். ஐந்தாவது, வகுத்த எல்லையையே மறந்துவிடுதல். இறுதி இரண்டையும் படிக்கும்போது, உமாசுவாமி ஆச்சாரியர் இன்றைய குடும்பங்களைக் கண்டே எழுதினாரோ என்று வியக்கத் தோன்றுகிறது.

'ஈராண்டு மட்டும் சென்று வீட்டுக் கடனை அடைத்துவிட்டுத் திரும்புவோம்' என்று புறப்படுகின்றனர். ஈராண்டு முடியும்போது மகள் ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள். அடுத்த ஆண்டு தேர்வு என்று தங்குகின்றனர். தேர்வு முடிந்தபின், 'நடுவில் இழுத்து வந்தால் படிப்புக் கெடும்' என்கின்றனர். பத்தாண்டு சென்றபின் எல்லை எது என்பதே எவர் நினைவிலும் இல்லை. எவரும் தீயவர் அல்லர். எந்த முடிவும் தனியே பார்த்தால் பிழையன்று. ஆனால் அந்தப் பெரிய முடிவை, அதாவது வேறொரு நாட்டையே தம் பிள்ளைகளின் நாடாக்கும் முடிவை, அவர்கள் ஒருநாளும் அமர்ந்து எடுக்கவே இல்லை. பெருக்குதலும் மறத்தலும் சேர்ந்து அதனை எடுத்துவிட்டன.

கவுந்தியடிகள் காட்டிய நெறி

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டு மதுரைக்குப் பெயரும்போது சமணத் துறவியாகிய கவுந்தியடிகள் உடன் செல்கிறார். வழியின் கடுமையை அவர் எடுத்துரைக்கிறார். நில் என்றாலும் நிற்கமாட்டார்கள் என்பதையும் உணர்கிறார். அதன்பின், எப்பக்கம் சென்றால் என்ன இடர், வயலிலும் சோலையிலும் நடக்கையில் எச்சிற்றுயிர்க்குத் துன்பம் நேரும் என்று விளக்கிக் கூறி அவரோடு நடக்கிறார். பெயர்வோரைப் பழிக்காமல், பெயரும்போது கண் திறந்திருக்கச் செய்வதே அவர் அறம். நம் பெரியோரும் அந்நெறியையே பின்பற்றலாம்.

வெப்பமண்டல நாட்டில் விரதம்

நம்மவர் மிகுதியும் நாடும் சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். தமிழ் அங்கு ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று. பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் கற்பிக்கப்படுகிறது. அங்குள்ள சமயங்களிடை அமைப்பு ஏற்கும் பத்துச் சமயங்களுள் சமணமும் ஒன்றாகும். குஜராத்தியர் முயற்சியால் சமண சங்கமும் நடைபெறுகிறது. ஆகவே தர்மம் நுழைய முடியாத நாடு அன்று அது.

இராவுண்ணாமையைப் பாருங்கள். சென்னையில் நவம்பர் இறுதியில் மாலை 5.40 அளவில் ஞாயிறு மறைந்துவிடும். டியூஷன் முடித்து அம்பத்தூர் வீடு திரும்பும் பிள்ளை விளக்கொளியில்தான் உண்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் 6.45 முதல் 7.20க்குள்தான் ஞாயிறு மறைகிறது. மாலை உணவுக்கு அங்கு நேரம் தாராளமாக உண்டு. இடர் காலையில் வருகிறது. ஞாயிறு எழுவதே ஏழு மணியளவில். பள்ளி தொடங்குவதோ 7.30 அளவில். பிள்ளை இருளில் எழுந்து இருளில் உண்டு புறப்பட வேண்டியுள்ளது. காலைச் சிற்றுண்டியைக் கையில் கொடுத்து இடைவேளையில் உண்ணச் செய்தால் விரதமும் நிற்கும், உடலும் வாடாது. இங்குக் கடைப்பிடிக்க முடியாதது அங்கு எளிதாகிறது. இங்கு எளிதானது அங்குக் கடினமாகிறது. சிந்தித்து ஏற்பாடு செய்வோர்க்கு இரண்டும் இயலும்.

கொசு பற்றியும் கூற வேண்டும். டெங்குக் காய்ச்சல் நிலவும் அந்நாட்டில், வீட்டில் தேங்கிய நீரில் கொசுப் புழு காணப்பட்டால் அபராதம் விதிப்பர். நீரைத் தேங்கவிட்டு, உயிர்கள் தோன்றியபின் மருந்திட்டுக் கொல்வதைக் காட்டிலும், தோன்றாதவாறே தொட்டியைத் துடைத்து வைப்பது நம் யத்தனாசாரத்திற்கு முற்றும் பொருந்தியது. நீரை வடிகட்டிப் பருகும் மரபில் வந்தவர்க்கு இது புதிதன்று.

பள்ளி உணவகத்தில் கீரைப் பொரியலிலும் இறாலை அரைத்துச் செய்த விழுது கலந்திருக்கலாம். இனிப்பில் விலங்கின் எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கலாம். கேட்டறிந்து உண்ணப் பிள்ளைக்குப் பழக்க வேண்டும். அது கேட்பதற்குக் கூசாத துணிவைத் தருவது பெற்றோர் கடமை. தாம் அலுவலக விருந்தில் கேளாமல் உண்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் கேட்கச் சொல்லுதல் நேர்மையன்று.

யாருக்கு யார் எல்லை வகுப்பது?

இங்குதான் மையமான கேள்வி எழுகிறது. திக்விரதம் ஒருவன் தனக்குத் தானே வகுத்துக்கொள்வது. பிள்ளைகளோடு பெயரும்போதோ அவன் பிறருக்கும் எல்லை வகுக்கிறான். ஒவ்வோர் உயிரும் தனித்தது, தன் வினைக்குத் தானே உரியது என்பது நம் சித்தாந்தம். பிள்ளை நம் வழியாக வந்த உயிரே ஒழிய, வீடும் பொன்னும் போன்ற உடைமை ஆகாது. அதன் வாழ்நாளின் திசையை மாற்றும் உரிமை நமக்கு எவ்வளவு?

மகாத்மா காந்தியின் வாழ்வில் இதற்கு இரு பக்கமும் காணலாம். 1888இல் இங்கிலாந்து செல்லுமுன், பேச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியின் முன்னிலையில் மது, மாது, ஊன் மூன்றையும் விலக்குவதாக அவர் சூளுரைத்தார். தானே ஏற்ற அவ்விரதம் அயல்நாட்டில் அவரைக் காத்தது. பின்னர் 1897 ஜனவரியில் மனைவியுடனும், ஒன்பதும் ஐந்தும் வயதான தம் மைந்தர் இருவருடனும், பத்து வயதான தம் சகோதரியின் மகனுடனும் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார். ஐரோப்பியர் பள்ளிக்குத் தம் பிள்ளைகளை மட்டும் சலுகையாக அனுப்ப அவர் விரும்பவில்லை. பாதிரிமார் நடத்திய பள்ளியும் பிடிக்கவில்லை. வீட்டிலேயே கற்பிக்க முயன்றார், ஆனால் நேரம் கிடைக்கவில்லை. ஏட்டுக் கல்வி போதிய அளவு அளிக்க இயலாமற் போனது தமக்கும் பிள்ளைகளுக்கும் வருத்தமே என்று 'சத்திய சோதனை'யில் அவரே எழுதுகிறார். மூத்த மகன் ஹரிலால் 1911இல் தந்தையைப் பிரிந்து சென்றதற்குக் கல்விக் குறையும் ஒரு காரணம். தந்தையின் கொள்கை உயர்ந்தது. அதற்குரிய விலையில் ஒரு பகுதியைக் கேட்கப்படாத மகன் செலுத்த நேர்ந்தது.

நம் காலத்திலும் இத்தகைய விலை உண்டு. சிங்கப்பூரில் பணி நிமித்தம் நிரந்தரவாசம் பெறும் தந்தைக்குத் தேசிய சேவைக் கடமை இல்லை. ஆனால் பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெறும் மகன் பதினெட்டு வயதளவில் ஈராண்டு படையிலோ காவல்துறையிலோ குடிமைத் தற்காப்பிலோ சேவை செய்தாக வேண்டும். எதில் சேர்வது என்பது அவன் விருப்பமன்று. சேவை செய்யாமல் வாசத்தைத் துறந்தால், பின்னாளில் அங்குப் படிக்கவோ பணிபுரியவோ வேண்டுவதற்கு அது தடையாகலாம். தற்காப்பில் நேரும் விரோதி ஹிம்சையை நம் நூல்கள் இல்லறத்தானுக்கு முற்றிலும் விலக்கவில்லை. கோமட்டேசுவரரை நிறுவிய சாமுண்டராயர் ஒரு படைத்தலைவரே. ஆவடியில் டாங்க் செய்து ஊதியம் பெற்ற நாம் படையைக் கண்டு முகம் சுளிக்கவும் உரிமையில்லை. ஆயினும், எட்டு வயதுப் பிள்ளையின் பெயரில் தந்தை இடும் கையொப்பம் பத்தாண்டு கழித்து அவன் கையில் துப்பாக்கியைத் தரக்கூடும் என்பதை அறிந்தே இட வேண்டும். 'எல்லோரும் விண்ணப்பிக்கிறார்கள்' என்பது அதற்குப் போதிய காரணமாகாது.

புறப்படுமுன் செய்யத்தக்கவை

முதலாவது, எல்லையைச் சொல்லால் வகுத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஆண்டு, எவ்வளவு பொருள், எதற்காக என்பதைப் பாட்டனார் பாட்டியார் முன்னிலையில் கூறி எழுதி வையுங்கள். நீட்டிக்க நேர்ந்தால் மீண்டும் அமர்ந்து பேசியே நீட்டியுங்கள். பேசி மாற்றிய எல்லைக்கு அனைவரும் பொறுப்பு. மறந்து கடந்த எல்லைக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை.

இரண்டாவது, பிள்ளையின் வயதை எண்ணிப் பாருங்கள். நம் பள்ளியாண்டு ஜூனில் தொடங்குகிறது, அங்கு ஜனவரியில். அயல்நாட்டு மாணவர்க்கு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் நுழைவுத் தேர்வு உண்டு. தேறினாலும் விரும்பிய பள்ளியில் இடம் கிடைக்கும் என்ற உறுதியில்லை. ஆறு வயதில் பெயரும் பிள்ளை அந்நாட்டை எளிதில் தன்னதாக்கிக்கொள்ளும். பதினான்கில் பெயரும் பிள்ளையோ இரு ஊரிலும் பாதியாய் நிற்கும். அப்பிள்ளையிடம் கேளுங்கள். அது மறுத்தால் போகவே கூடாது என்பதில்லை. ஆனால் மறுப்புக்குரிய துயரைக் காதுகொடுத்துக் கேட்பதும் அஹிம்சையே.

மூன்றாவது, நினைவில் கொள்ளுங்கள்: குடும்பத்தோடு செல்ல முடிவதே ஒரு பேறு. 2018 முதல் அங்கு மனைவி மக்களை உடன் வைத்துக்கொள்ள மாதம் 6,000 வெள்ளி ஊதியம் வேண்டும். கட்டுமானப் பணிக்குச் செல்லும் தமிழ்த் தொழிலாளர் தம் பிள்ளைகளைப் படத்தில்தான் காண்கின்றனர். அதனை எண்ணினால் 'இன்னும் வேண்டும்' என்னும் பேராசை சற்றே அடங்கும்.

நான்காவது, ஆவடியில் தனித்து நிற்கும் முதியோர். பூந்தமல்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர் யார், புழலுக்கு அழைத்துச் செல்பவர் யார் என்று பெயர் குறித்து ஏற்பாடு செய்துவிட்டே பயணச்சீட்டு வாங்குங்கள். 'பணம் அனுப்புகிறோம்' என்பது அதற்கு விடையாகாது.

எல்லை என்பது சிறை என்று எண்ண வேண்டா. வயலுக்கு வரப்பு எப்படியோ, வாழ்வுக்கு எல்லை அப்படி. வரப்பு உள்ள வயலில்தான் நீர் நிற்கும். வகுத்த எல்லையை நினைவில் கொண்ட குடும்பம் சிங்கப்பூரிலும் சிராவகக் குடும்பமாகவே வாழும். அதனை மறந்த குடும்பம் அம்பத்தூரிலேயே தொலைதூரம் சென்றுவிடும். கடல் கடக்கும் பெற்றோர் இதனை உள்ளத்திற் கொண்டு, தம் கைப்பிடித்து வரும் சிற்றுயிர்களுக்கும் உரிய இடம் அளித்து முடிவெடுப்பார்களாக.

வாழ்க ஜினதர்மம்! வளர்க நல்லறம்!