காலியிடத்தின் காரணம்

பிசிபி வரைய எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டால் உடனே ஓர் அட்டவணை வந்துவிடும். விலை என்ன, எத்தனை அடுக்குவரை வரையலாம், உதிரிபாக நூலகம் எவ்வளவு பெரியது, கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இவை அனைத்தும் இன்றைக்கு உட்கார்ந்து வரைபவரின் வசதியைப் பற்றியவை. பத்து வருஷம் கழித்து அதே போர்டைத் திருத்த வேண்டிய இன்னொருவர் அந்த அட்டவணையில் எங்குமே இல்லை. முகம் தெரியாத அந்த ஆளுக்கு நாம் ஏதாவது கடமைப்பட்டிருக்கிறோமா?

"ஃபைல் என்கிட்ட பத்திரமா இருக்கு, அப்புறம் என்ன?" என்பது வழக்கமான பதில். அது எந்த ஃபைல் என்பதைப் பொறுத்தே அந்தப் பதிலுக்கு மதிப்பு. தொழிற்சாலைக்கு நாம் அனுப்புவது பெரும்பாலும் கெர்பர் கோப்புகளை. எந்த மென்பொருளில் வரைந்தாலும் கடைசியில் வெளியே போவது அதுதான். அதன் விவரக்குறிப்பை இப்போது பெல்ஜியத்தின் உகாம்கோ நிறுவனம் பராமரிக்கிறது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் படிக்கலாம். ஆகவே அதே போர்டை மறுபடி மறுபடி அச்சடிக்கத் தடையில்லை. ஆனால் கெர்பர் அடிப்படையில் ஒரு படம். இந்த அடுக்கில் இங்கே செம்பு இருக்கட்டும், அங்கே வேண்டாம் என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது.

மின்வழங்கிப் போர்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட் வரும் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே 6 மில்லிமீட்டர் அளவுக்குச் செம்பே இல்லாமல் விட்டிருப்பார்கள். மூல வடிவமைப்புக் கோப்பில் அந்த இடைவெளியை ஒரு விதியாகவே எழுதிவைக்க முடியும். யாராவது மீறி டிராக் இழுத்தால் மென்பொருள் எச்சரிக்கும். கெர்பரில் அதே இடம் வெறும் காலி. மூலக் கோப்பைத் திறக்க வழியில்லாத ஒருவர் படத்தைப் பார்த்துப் புதிதாக வரைகிறார். "இங்க இவ்வளவு இடம் சும்மா கிடக்கே" என்று ஒரு பாகத்தை அங்கே நகர்த்திவிட்டால், அந்தக் கருவியைத் தொடுகிறவரின் உயிரே போகலாம். அந்தக் காலியிடத்துக்குக் காரணம் இருந்தது. காரணம் அவரிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் காரணங்கள் குடியிருக்கும் மூலக் கோப்புக்கு என்ன ஆகும் என்பதற்கு ஈகிள் நல்ல உதாரணம். ஜெர்மனியின் கேட்சாஃப்ட் 1988இல் கொண்டுவந்த மென்பொருள் அது. சிறு போர்டுகளுக்கான இலவசப் பதிப்பு இருந்ததால் மாணவர்களும் பொழுதுபோக்காக மின்னணுவியல் செய்பவர்களும் அதில்தான் கைபழகினார்கள். 2009இல் ஃபார்னெல் குழுமம் அதை வாங்கியது, 2016இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. அடுத்த வருஷமே ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் முறை போய் சந்தா வந்தது. 2026 ஜூன் 7உடன் ஈகிள் தனி மென்பொருளாக நிறுத்தப்படும் என்று 2023இல் அறிவித்தார்கள். இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை. பழைய உரிமத்தை வைத்திருந்தவர் பழைய பதிப்பை ஓட்டிக்கொள்ளலாம், அதை ஏற்கும் கணினி இருக்கும்வரை.

ஆனாலும் ஈகிளில் வரைந்த போர்டுகள் அநாதையாகிவிடவில்லை. அதற்கு முன்னாலேயே எடுத்த ஒரு முடிவு முக்கியக் காரணம். ஆறாம் பதிப்பில் கேட்சாஃப்ட் தன் கோப்பு வடிவத்தை எக்ஸ்எம்எல்லுக்கு, அதாவது எந்த எழுத்துத் திருத்தியிலும் திறந்து படிக்கக்கூடிய உரைக்கு மாற்றியது. அதனால் மற்றவர்கள் அதைப் படிக்க நிரல் எழுதுவது எளிதாயிற்று. 2018இல் வெளிவந்த கீகேட் 5, ஈகிள் திட்டங்களைச் சர்க்யூட் வரைபடமும் போர்டுமாகச் சேர்த்தே உள்ளே எடுத்துக்கொண்டது. ஆட்டோடெஸ்க் வாங்குவதற்குச் சில வருஷம் முன்பு எடுத்த முடிவு, பின்னால் வந்தவர்களுக்கு வாசலைத் திறந்து வைத்தது.

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக், ஒருவன் தன் உழைப்பை எதில் கலக்கிறானோ அது அவனுடையதாகிறது என்று வாதிட்டார். நம் உழைப்பு கலந்திருப்பது இன்னொருவர் மட்டுமே திறக்கக்கூடிய கோப்பில் என்றால் அது நமதுதானா? சட்டப்படி ஆமாம். பூட்டு நம் வீட்டில் இருக்கிறது, சாவி வாடகைக்கு வருகிறது. ஆனால் லாக் ஒரு நிபந்தனையும் சேர்த்தார்: ஒருவன் எடுத்துக்கொண்ட பிறகு மற்றவர்களுக்குப் போதுமானதும் நல்லதும் மிஞ்ச வேண்டும். அவர் நிலத்தை நினைத்துச் சொன்னார். எனக்கு அது போர்டுக்கும் பொருந்துவதாகவே படுகிறது. நான் எதை வரைந்தேன் என்பது பொருளோடு போய்விடுகிறது. ஏன் அப்படி வரைந்தேன் என்பதையும் மிஞ்சவிட்டால்தான் அடுத்தவருக்குப் போதுமானது.

அப்படியானால் எல்லோரும் கட்டற்ற மென்பொருளான கீகேடுக்கு மாறிவிடலாமா? அவ்வளவு சுலபமில்லை. அதிவேக சிக்னல் ஓடும் பல அடுக்குப் போர்டை ஒரு குழுவே சேர்ந்து வரையும்போது ஆல்டியம் போன்ற விலையுயர்ந்த மென்பொருள் பல தவறுகளை முன்னாலேயே பிடித்துத் தரும். தவறில்லாத போர்டும் வருங்காலத்துக்குச் செய்யும் கடமைதான். 1992இல் ஜான்-பியேர் ஷரா என்ற பிரெஞ்சு ஆசிரியர் தொடங்கி, ஜெனீவாவின் செர்ன் பொறியாளர்களும் உழைப்பைக் கொடுத்து வளர்ந்த கீகேடிலும் சிக்கல் உண்டு. புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. ஆனால் புதிய பதிப்பைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம், மூலநிரலும் கையில் இருக்கிறது. ஆல்டியமோ, 1985இல் டாஸ்மேனியாவில் புரோடெல் என்று பிறந்து, 2024இல் ஜப்பானின் ரெனெசாஸ் கைக்குப் போயிருக்கிறது. அடுத்த உரிமையாளர் எப்படி நடந்துகொள்வார் என்று இன்றைய உரிமையாளரால் வாக்குக் கொடுக்க முடியாது.

அதனால் கடமையை மென்பொருளின் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. மூடிய மென்பொருளில் வரைகிறவரும் அதைச் செய்யலாம். சர்க்யூட் வரைபடத்தைப் பிடிஎஃப் ஆக்கலாம், பாகங்களின் பட்டியலைச் சாதாரண உரையாக வைக்கலாம், விதிகளையும் அவற்றின் காரணங்களையும் ஒரு பக்கத்தில் எழுதிச் சேர்க்கலாம். கட்டற்ற மென்பொருளில் வரைந்து எதையுமே எழுதாமல் விட்டவரைவிட இவர் நேர்மையானவர். இரண்டு மென்பொருளும் வேலைக்குச் சமமாகப் போதும் என்றால், திறந்த வடிவத்தில் சேமிப்பதைத் தேர்ந்தெடுப்பதே நியாயம். எதுவானாலும், அந்த 6 மில்லிமீட்டர் காலியிடத்தின் மேல் "இங்கே எதுவும் வைக்காதே, 230 வோல்ட்" என்று வெள்ளை எழுத்தில் அச்சடித்துவிடலாம். அதைப் படிக்க எந்த உரிமமும் வேண்டாம்.