கணக்கின் கடைசி வரி

சங்கத்தின் ஆண்டுக் கணக்கு கைக்கு வந்ததும் நம்மில் பலர் கடைசி வரியையே நோக்குகின்றனர். கையிருப்பு மிகுதியாயின் சங்கம் செழிப்பாயிருக்கிறதென்று தாளை மடித்துவிடுகின்றனர். அது போதுமா?

கல்கத்தா மகாபோதி சங்கத்தை நினைப்போம். 1893இல் ஹொனலூலுவில் அநகாரிக தர்மபாலரைக் கண்ட மேரி ஃபாஸ்டர் அம்மையார் பின்னர் அச்சங்கத்திற்கு வாரி வழங்கினார். 1920இல் கல்லூரிச் சதுக்கத்தில் தர்மராஜிக விஹாரம் திறக்கப்பெற்றது. 1930இல் அம்மையார் மறைந்தார். எத்துணைப் பெருங்கொடையும் ஒருநாள் நிற்கும். ஆதலின் வரவுப் பக்கத்தில் தொகைக்கு முன் கொடுத்தோரை எண்ணவேண்டும்.

அடுத்து, குறித்த காரியத்திற்கென்று வந்த பணம். நாம் சணல் ஆலையில் உழைத்த நாளில் ஈமச் செலவுக்கென்று வாரந்தோறும் காசு சேர்த்தோம். கூட்டாளி ஒருவரின் பிள்ளை நோயுற்றபோது, எவரையும் கேளாமல் அதனை எடுத்துக் கொடுத்தோம். பிள்ளை பிழைத்தது. மறுமாதம் ஒருவர் இறந்தார்; பெட்டி வெறுமையாயிருந்தது. கொடாததை எடாமை என்னும் சீலம் நல்லெண்ணத்திற்கும் உரியதென்று அவர் மனைவியின் முன் நின்றபோதுதான் உணர்ந்தோம். தந்தவர்களைக் கேட்டிருந்தால் இசைந்திருப்பர், நாம் கேட்கவில்லை.

சென்ற வாரம் நம் சங்கக் கணக்கில் விஹாரத் திருப்பணிக்கென்று வந்த தொகையைப் பென்சிலால் கழித்துப் பார்த்தோம். மிஞ்சியது மூன்று மாதச் செலவுக்கும் காணாது.