கேத்தலின் அழகும் பெயரற்ற கைகளும்

அழகு பயன்பாட்டிலிருந்து விலகி நிற்பதா, அன்றிப் பயன்பாட்டிலேயே பிறப்பதா? இவ்வினாவை வெறுங் கருத்துலகில் வைத்து ஆராய்வதைவிட, ஒரு பொருளை முன்வைத்து ஆராய்வது தெளிவு தரும். யப்பானியரின் வார்ப்பிரும்புக் கேத்தலை எடுத்துக்கொள்வோம்.

'தெத்சுபின்' எனப்படும் இக்கேத்தல் நீரைக் கொதிக்கவைப்பதற்குரியது. தேயிலையை இட்டு ஊறவைக்கும் சிறிய இரும்புப் பாத்திரம் வேறு; அதன் உட்புறத்தில் எனாமல் பூசப்பட்டிருப்பதால் அதனை அடுப்பில் ஏற்றலாகாது. 18ஆம் நூற்றாண்டில், தூள் தேயிலைச் சடங்கின் கட்டுப்பாடுகள் இல்லாத இலைத்தேநீர் பரவியபோது தெத்சுபினும் பரவிற்று. இதற்குப் பேர்போன நகரம் வடக்கேயுள்ள மொரியோக்கா. அங்கு ஆட்சி புரிந்த 'நம்பு' குலப் பிரபுக்கள் 17ஆம் நூற்றாண்டில் கியோத்தோவிலிருந்து வார்ப்புக் கலைஞரை வரவழைத்தனர். இரும்பு மணலும் மரக்கரியும் அம்மண்ணிலேயே கிடைத்தன.

மணலும் களிமண்ணும் சேர்ந்த அச்சின் உட்புறத்திலே, ஆலங்கட்டிகளை ஒத்த புள்ளிகளைத் தொழிலாளி ஒவ்வொன்றாக அழுத்திப் பதிக்கிறான். வார்த்தெடுத்த கேத்தல் மீண்டும் கரித்தணலிற் சுடப்படுகிறது. அதனால் உண்டாகும் ஒட்சைட்டுப் படலம் துருவைத் தடுக்கிறது. நம் கண்ணுக்கு அழகாய்த் தோன்றுவது, உண்மையில் உறைந்து நிற்கும் உழைப்பேயாகும்.

இவ்வுண்மையை உணர்ந்தவர்களுள் ஒருவர் யனாகி சோயெத்சு (1889–1961). கொரியாவை யப்பான் அடிமைப்படுத்தியிருந்த காலத்தில், சியோல் நகரின் குவாங்வாமுன் வாயிலை இடிக்க முற்பட்டதை எதிர்த்து 1922இல் எழுதியவர் அவர். நாட்டார் கைவினைக்கென 1936இல் தோக்கியோவில் அரும்பொருளகம் நிறுவியவரும் அவரே. அன்றாடப் பயன்பாட்டுக்காகப் பெயரறியாத தொழிலாளர் செய்த பொருள்களிலேயே உயர்ந்த அழகு உண்டு என்றார். அழகு பற்றிய அவரது கூற்றை ஏற்கலாம். ஆனால் பெயரின்மையையே ஒரு சிறப்பாக ஏற்றிப் போற்றியதை ஏற்கவியலுமா?

பிரபுவின் பெயர் இன்றும் 'நம்பு இரும்பு' என அப்பொருளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில வார்ப்பகக் குடும்பங்களின் பெயர்களும் நிலைத்தன. புள்ளி பதித்த கூலியாளின் பெயரோ நிலைக்கவில்லை. அவன் தன் பெயரைத் துறந்தவனல்லன். பெயர் பொறிக்கும் உரிமை அவனுக்கு இருக்கவில்லை. உரிமையின்மையைத் துறவென்று புகழ்வது, வறுமையை எளிமையென்று புகழ்வதற்கு ஒப்பானது.

அவன் ஆக்கிய பொருளும் மக்களிடம் பத்திரமாய் இருக்கவில்லை. 1941இல் யப்பானிய அரசு போருக்காக உலோகம் திரட்ட ஆணை பிறப்பித்தது. கோயில் மணிகளோடு வீட்டு உலோகப் பொருள்களும் உருக்குலைக்குச் சென்றன. ஆயுதம் செய்வோனுக்குக் கேத்தல் வெறும் எடை மட்டுமே.

அவ்வாறாயின், ஒவ்வொரு கேத்தலிலும் கலைஞன் கையொப்பமிட்டால் நீதி நிறைவேறிவிடுமா? அதுவும் போதாது. இன்று புகழ்பெற்ற கலைஞரின் பெயர் விலையை உயர்த்துகிறது; உயர்ந்த விலை, உழவனின் அடுப்பங்கரையிலே தொங்கிய பொருளைச் செல்வரின் காட்சிப் பேழைக்குக் கொண்டுசெல்கிறது. முன்பு படைத்தவன் மறைந்தான். இப்போது பயன்படுத்தியவன் மறைகிறான்.

எனவே அடிப்படை வினா பெயரைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது. படைப்பவன் தன் உழைப்பின் பயனைப் பெறவும், அவன் படைத்த அழகு சாதாரண மனிதனின் அடுப்பிலே கொதிக்கவும் இடமளிக்கும் சமுதாயத்திலேதான் அழகும் பயனும் உண்மையில் ஒன்றாகும்.