களிமண் கூறும் கணக்கு

புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் இரண்டு இடங்கள் உள. ஒன்று, குன்றைக் குடைந்து அமைக்கப்பட்ட கோகர்ணேசுவரர் கோயில். மற்றொன்று, 1910-இல் சமஸ்தானக் காலத்தில் தோன்றி, இன்று அரசின் பொறுப்பில் விளங்கும் அருங்காட்சியகம். முன்னதில் கைகூப்ப வேண்டும். கேள்வி கேட்டல் கூடாது. பின்னதில் கைகூப்ப வேண்டியதில்லை. கேள்வி கேட்காதவனுக்கு அங்கே வேலையும் இல்லை. ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்கு நடந்தே சென்றுவிடலாம். ஒரு மனநிலையிலிருந்து மற்றொரு மனநிலைக்குச் செல்வதற்கோ, மனித இனம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடக்க வேண்டியிருந்தது!

நாம் பின்னதைச் சேர்ந்தவர்கள் என்று பெருமை பேசுகிறோம். புராணம் என்றால் நகைக்கிறோம். சான்று எங்கே என்று வைதிகரை மடக்குகிறோம். நன்று! அந்தச் "சான்று எங்கே?" என்னும் கேள்வி நம் வீட்டு வாயிலில் வந்து நிற்கும்போதும் கதவைத் திறக்கிறோமா? இதுதான் இக்கட்டுரை எழுப்பும் வினா.

மேடைகளில் நம் இளைஞர் சிலர் முழங்குவதுண்டு: "உலகின் முதல் நாகரிகம் சுமேரியா. அங்கே ஊர் என்றொரு நகரம் இருந்தது. ஊர் என்பது தமிழ்ச் சொல். ஆகவே, சுமேரியர் தமிழரே!" கைதட்டல் கூரையைப் பிளக்கிறது. கேட்க இனிக்கிறது, எனக்கும் இனித்ததுண்டு. ஆனால், இனிப்பு உண்மைக்கு அடையாளமா? அக்கார அடிசிலும் இனிக்கத்தான் செய்கிறது; அதற்காக அதைப் படைத்தால் வரம் கிடைக்கும் என்று நம்பிவிடுகிறோமா?

சற்று ஆராய்வோம். ஊர் என்று நாம் குறிக்கும் அந்நகரைச் சுமேரியர் 'உரிம்' என்றனர். நகரம் என்னும் பொதுப்பொருளில் 'உரு', 'இரி' போன்ற சொல் அவர்களிடம் இருந்தது மெய்யே. ஆனால், ஒரு சொல்லின் ஒலி ஒத்திருப்பதால் இரு மொழிகள் உறவாகிவிடா. உறவு என்றால் ஒழுங்கு வேண்டும். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. தமிழில் பல், கன்னடத்தில் ஹல்லு. பத்து, ஹத்து, புலி, ஹுலி, பூ, ஹூவு. சொல்லுக்குச் சொல், தமிழின் பகரம் நின்ற இடத்தில் கன்னடத்தின் ஹகரம் நிற்கிறது. இது தற்செயல் அன்று. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளின் முகச்சாயல். 1816-இல் எல்லிசும், 1856-இல் கால்டுவெலும் திராவிட மொழிக் குடும்பத்தை நிலைநாட்டியது இத்தகைய ஒழுங்கைக் காட்டித்தான்; கைதட்டல் வாங்கி அன்று!

சுமேரியத்தோடு அத்தகைய ஒழுங்கு எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை. எண்ணுப்பெயரையே பாருங்கள். சுமேரியன் இரண்டை 'மின்' என்றான்; மூன்றை 'எஷ்' என்றான்; நான்கை 'லிம்மு' என்றான். இவற்றில் எங்கே நம் இரண்டு, மூன்று, நான்கு? இரண்டும் ஒட்டுநிலை மொழிகள் என்பர். துருக்கி மொழியும் ஒட்டுநிலைதான். பின்லாந்தின் மொழியும் ஒட்டுநிலைதான். உலகில் எந்த மொழியோடும் உறவு நாட்டப்படாத தனிமொழி என்றே அறிஞர் சுமேரியத்தைக் கருதுகின்றனர்.

இன்னொரு சான்று. பாரிசிலுள்ள லூவர் அருங்காட்சியகத்தில் ஓர் உருளை முத்திரை இருக்கிறது. அக்காடிய அரசர் காலத்தது. அதன் உடைமையாளன் பெயர் ஷு-இலிஷு. தொழில், மெலுகா மொழிபெயர்ப்பாளன். மெலுகா என்பது சிந்துவெளி நாடு என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. சுமேரியமும் அக்காடியமும் அறிந்தோர் நிறைந்த நாட்டில், மெலுகாவிலிருந்து வந்தவன் பேச்சை விளக்கத் தனியாக ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறான்! இது ஒன்றே முடிவான சான்று ஆகாது. தமிழனுக்கும் தெலுங்கனுக்கும் இடையிலும் மொழிபெயர்ப்பாளன் வேண்டியிருக்கிறதல்லவா? ஆயினும், எல்லாரும் ஒருமொழி பேசினர் என்று முழங்குவோர் வாயை அந்தச் சிறு முத்திரை சற்றே மூடத்தான் செய்கிறது.

"உறவில்லை என்றால் சுமேரியா நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். உறவுக்காக அன்று, தோழர்களே, படிப்பினைக்காக!

டைகிரிசு, யூபிரட்டீசு ஆறுகளின் வண்டல் நிலத்தில், கி.மு. 3300 அளவில், உருக் என்னும் நகரில் எழுத்து பிறந்தது. எதற்காக? கடவுளைப் பாடவா? காதலியைப் போற்றவா? இல்லை. அங்கே கிடைத்த மிகப் பழைய களிமண் ஏடுகளில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை கணக்குகள்! இத்தனை அளவு வாற்கோதுமை வந்தது, இத்தனை ஆடு சென்றது, இத்தனை ஆளுக்குக் கூலி அளக்கப்பட்டது. எழுத்தின் தாய் வீடு கோயில் களஞ்சியம். கருவறை அன்று, கணக்கறை.

புராணம் பொய் சொல்லும். கணக்கேடு எளிதில் பொய் சொல்லாது. கி.மு. 2100 முதல் 2000 வரையிலான ஏடுகளைப் புரட்டினால், ஆண் தொழிலாளிக்குத் திங்கள் ஒன்றுக்கு 60 சிலா வாற்கோதுமை, பெண்ணுக்கு 30. சிலா என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர். கோயிலுக்கும் அரண்மனைக்கும் உரிய நெசவுக்கூடங்களில் நாளெல்லாம் நூற்று நெய்தவர்கள் பெண்கள், அளந்தபோது பாதி! தெய்வத்தின் பெருமையைப் பாடிய பாடல்களில் இந்தப் பாதியைப் பற்றிப் பேச்சில்லை. களிமண் பேசுகிறது.

லகாஷ் நாட்டில் நிலம் நின்கிர்சு என்னும் தெய்வத்தினது. மன்னன் அத்தெய்வத்தின் காரியக்காரன். சொல்லளவில் அப்படி. கி.மு. 2350 அளவில் அங்கே உருகாகினா என்பவன் ஆட்சிக்கு வந்தான். அவனுடைய சீர்திருத்தச் சாசனம் களிமண் கூம்புகளில் கிடைத்திருக்கிறது. பிணம் புதைக்கப் போனால் சடங்குக்காரன் ஏழு சாடி மதுவும் 420 அப்பமும் பிடுங்கினான். அதை மூன்று சாடியாகவும் 80 அப்பமாகவும் குறைத்தேன் என்கிறான். கடன்பட்டுச் சிறைப்பட்டோரை விடுவித்தேன் என்கிறான். அவ்விடுதலைக்கு அவன் ஆண்ட சொல் 'அமர்கி'. அதன் நேர்ப்பொருள் என்ன தெரியுமா? தாயிடம் திரும்புதல்! கடனுக்காகப் பிறர் வீட்டில் கட்டுண்டவன் தன் தாயின் மடிக்குத் திரும்புவதே விடுதலை. நாலாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன் எழுதிய சொல், இன்று படித்தாலும் நெஞ்சை நனைக்கிறது.

ஆயினும் கணக்கேட்டை விடலாகாது. மன்னன் மனைவியின் பெயரில் இருந்த பெரும்பண்ணையைத் தெய்வத்துக்கே திருப்பித் தந்தேன் என்றான் உருகாகினா. ஏட்டில் 'பாவு தெய்வத்தின் வீடு' என்று பெயர் மாறிற்று. நிருவாகம்? அரசியின் கையிலேயே! பெயர்ப்பலகை மாறியது, சாவிக்கொத்து மாறவில்லை.

இதைப் படிக்கையில் திருக்கோகர்ணம் நினைவுக்கு வரவில்லையா? புதுக்கோட்டைச் சமஸ்தானமும் பிரகதாம்பாளுடையது என்றே கூறப்பட்டது. தொண்டைமான் மன்னர் 'பிரகதாம்பாள் தாஸ்' என்று பட்டம் பூண்டார். அம்மன் உருவம் பொறித்த 'அம்மன் காசு' வழங்கியது. நவராத்திரி நாட்களில் அரிசியோடு அளிக்கப்பட்டது. அரசு அம்மனுடையது, அரசர் அம்மனின் அடிமை என்றால், உழுதவனின் விளைச்சலில் பங்கு கேட்டது யார்? அம்மன் வந்து கேட்டாளா? 1948-இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபோது அம்மனைக் கேட்டா இணைத்தார்கள்? சுமேரியனுக்கும் நமக்கும் குருதி உறவில்லை. ஆனால், தெய்வத்தின் பெயரால் மனிதன் மனிதனை ஆளும் தந்திரம் இரு நாட்டுக்கும் பொது. உறவு தேடுவோர் இந்த உறவைத் தேடட்டும்!

இனி மொழிக்கு வருவோம். அந்த அம்மன் காசைத் திருப்பிப் பாருங்கள். தமிழ்நாட்டுக் காசு; மறுபக்கத்தில் 'விஜய' என்ற சொல், தெலுங்கு எழுத்தில்! தமிழன் தன் மடியில் முடிந்துவைத்த காசில் தன் எழுத்து இல்லை. ஒரு மொழி கடைத்தெருவிலிருந்தும் கருவூலத்திலிருந்தும் விலக்கப்படுவது எப்படி இருக்கும் என்பதற்கு அச்செப்புக்காசு ஒரு சிறு எச்சரிக்கை. சுமேரியம் பெரிய எச்சரிக்கை.

கி.மு. 2000-ஐ ஒட்டிய நூற்றாண்டுகளில் சுமேரியம் மக்கள் வாயிலிருந்து மறைந்தது. சந்தையில் அக்காடியம், வீட்டில் அக்காடியம். ஆனால், கோயிலில்? அங்கே சுமேரியம் அரியணை ஏறிற்று! அக்காடியம் பேசிய பிள்ளைகள் ஏட்டுப்பள்ளியில் பிரம்படி பட்டு அதைப் பயின்றனர். சுமேரியத்தில் பேசவில்லை என்பதற்காகவும் அடிபட்டதை ஒரு பள்ளி ஏடு கூறுகிறது. கி.மு. முதல் நூற்றாண்டு வரை குருமார் அம்மொழியில் ஓதினர். ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள் தெய்வமொழியாக இருந்தது. தாலாட்டு அதில் இல்லை. தருக்கம் அதில் இல்லை. காய்கறி விலை கேட்பார் அதில் இல்லை. பிறகு குருமாரும் மறைந்தனர். அதை நினைப்பாரும் இல்லை. மண்ணைத் தோண்டித்தான் அதை மீட்க வேண்டியிருந்தது.

கோயிலில் தமிழ் ஒலிப்பது நம் உரிமை. அதைக் கேட்டுப் பெறுவதும் முறையே. ஆனால், உரிமை வேறு, உயிர் வேறு. மொழியின் உயிர் கணக்கேட்டில் இருக்கிறது, நீதிமன்றத்தில் இருக்கிறது, ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. இன்றும் அங்கே ஆங்கிலமே வழங்குகிறது. தன் வழக்கு எப்படி நடக்கிறது என்பதே தெரியாமல் ஓர் உழவன் வெளியே மரத்தடியில் நிற்கும்போது, "தமிழே தெய்வம்" என்று நாம் சூடம் காட்டி என்ன பயன்? தமிழைத் தெய்வமாக்காதீர்! தெய்வமாக்கப்பட்ட மொழிக்கு நேர்ந்ததைச் சுமேரியம் காட்டுகிறது.

பழம்பெருமை வேண்டுமா? பொய்யான பெருமை எதற்கு? திருக்கோகர்ணத்திலிருந்து ஏறத்தாழ பத்துக் கல் தொலைவில் சித்தன்னவாசல். அங்குள்ள குன்றின் கற்படுக்கையில், குமுழூரில் பிறந்த ஒரு துறவிக்கு இருக்கை செய்து தந்த செய்தி தமிழி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. ஊர் என்னும் சொல் குமுழூர் என்ற பெயரில் நம் பாறையிலேயே, ஈராயிரம் ஆண்டுகளாக இருக்கிறது! ஈராக்குக்கு ஏன் போக வேண்டும்? சமஸ்தானத்தின் கல்வெட்டுகள் தொகுக்கப்பெற்று 1929-இல் அச்சேறின. அவற்றில் நிலமும் நீரும் வரியும் விற்பனையும் தமிழில் பேசுகின்றன. 2023-இல் அருகிலுள்ள பொற்பனைக்கோட்டையில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தது. இப்படித் தோண்டிப் பெறுவது பெருமை. தொண்டை கிழியக் கத்திப் பெறுவது வெறும் புகை.

நம் கட்சிக்கு உதவும் பொய்யைப் பொறுத்துக்கொண்டால், எதிரியின் பொய்யைத் தட்டிக்கேட்கும் தகுதியை இழக்கிறோம். "எங்கள் நம்பிக்கை" என்று அவன் சொல்லும்போது நாம் நகைக்கிறோம். "எங்கள் பெருமை" என்று நாம் சொல்லும்போது அவன் நகைக்க மாட்டானா? பகுத்தறிவு, பகைவன் மேல் வீசும் கல் மட்டும் அன்று. நம் பொன்னையும் உரைத்துப் பார்க்கும் கல்.

திருக்கோகர்ணத்திற்குச் சென்றால் அருங்காட்சியகத்தில் ஒரு மணிநேரம் செலவிடுங்கள். எதன் முன்பும் கைகூப்பாதீர்கள். ஒவ்வொன்றின் முன்பும் கேள்வி கேளுங்கள். நாலாயிரம் ஆண்டு கழித்து நம் மண்ணைத் தோண்டுவோர், நாம் பாடிய பெருமையைத் தேட மாட்டார்கள். யாருக்கு எவ்வளவு அளந்தோம், எம்மொழியில் எழுதினோம் என்ற கணக்கையே தேடுவார்கள். அந்தக் கணக்கை நேராக எழுதுவோம், தமிழில் எழுதுவோம்!