தலைக்கவசத்தைக் கழற்றும் கை

ஒரு தலைக்கவசத்தைச் செய்பவள் யாருக்குக் கடமைப்பட்டவள்? பணம் கொடுப்பவருக்கா, அதை முதலில் வடிவமைத்தவருக்கா, தலையில் மாட்டிக்கொள்ளப் போகிறவருக்கா? பார்வைக்கு இது தொழில் சார்ந்த கேள்விதான். மாட்டிக்கொள்ளப் போவது ஒரு பெண் என்றால் இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஒரு பெண்ணின் முகம் எப்போது பிறர் கண்ணில் பட வேண்டும் என்பதை முடிவு செய்ய உரிமை உள்ளவர் யார்?

அறிவியல் புனைவுப் படங்களில் வரும் தலைக்கவசங்களை நகலெடுத்து வண்ணம் தீட்டுவது என் வேலைகளில் ஒன்று. அண்மையில் நான் செய்தது, 1983-இல் வெளிவந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' படத்தில் வரும் பௌஷ் என்ற பாத்திரத்தின் கவசம். மண்ணும் துருவும் கலந்தாற்போன்ற நிறம். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒடுங்கிய கரும்பட்டை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் உலோகத்தால் ஆன மூஞ்சி. பௌஷ் ஒரு கூலி வேட்டைக்காரன் என்று படத்தில் அறிமுகமாகிறான். ஜப்பா என்ற கொள்ளைக்கூட்டத் தலைவனின் மாளிகைக்குள் நுழைகிறான், பேரம் பேசுகிறான், கூலி போதாது என்று வெடிகுண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மிரட்டுகிறான். அந்தக் கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் அவனை மதிக்கிறார்கள். இரவில், உறைய வைக்கப்பட்டிருக்கும் கைதியை விடுவித்த பிறகு கவசம் கழற்றப்படும்போதுதான் உள்ளே இருந்தது இளவரசி லேயா என்று நமக்குத் தெரிகிறது.

அடுத்து அவள் நம் முன் வரும்போது கழுத்தில் சங்கிலி, உடலில் உலோக பிகினி. ஜப்பாவின் காலடியில் கிடத்தப்பட்டிருக்கிறாள். பின்னர் அதே சங்கிலியால் அவன் கழுத்தை நெரித்துக் கொல்வதும் அவள்தான். ஆனாலும் சுவரொட்டிகளிலும் பொம்மைகளிலும் அதிகம் நிலைத்தது அந்த பிகினிக் கோலம். படத்தின் ஆடை வடிவமைப்பாளர்கள் இருவரில் ஒருவர் ஆகி கெரார்ட் ராட்ஜர்ஸ் என்ற பெண் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு பெண் பங்கெடுத்தாள் என்பதாலேயே ஒரு காட்சி பெண்ணுக்கு உரியதாகிவிடுவதில்லை. கவசத்துக்குள்ளிருந்து வந்த அந்தக் கரகரத்த குரலும் ஒரு பெண்ணுடையதுதான். 'இ.டி.' படத்தின் வேற்றுக்கோள்வாசிக்குக் குரல் கொடுத்த பாட் வெல்ஷின் குரல் அது.

இது ஒரு படத்தோடு முடிந்த கதையல்ல. 1986-இல் நிண்டெண்டோ நிறுவனம் 'மெட்ராய்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதன் நாயகர் சாமஸ் அரன், முழுக் கவசம் அணிந்த வேட்டை வீரர். ஆங்கிலக் கையேடு சாமஸை ஆண்பாலில்தான் குறிப்பிட்டது. ஆட்டத்தை நெடுநேரம் எடுத்து முடித்தால் கவசம் கழலாது. விரைவாக முடித்தால் தலைக்கவசம் கழன்று பெண் முகம் தெரியும். மிக மிக விரைவாக முடித்தால் பிகினியில் வந்து நிற்பாள். அத்தனை எதிரிகளை வீழ்த்தியது அவள். ஆனால் பரிசு, கையில் ஆட்டக் கருவி வைத்திருப்பவனுக்கு. பரிசோ அவள் உடல். திரைப்படத்தில் பெண் பார்க்கப்படுவதற்கென்றே அமைக்கப்படுகிறாள் என்று 1975-இல் லாரா மல்வி எழுதினார். இந்த விளையாட்டு அந்தக் கருத்தைக் கடிகாரக் கணக்காகவே மாற்றியிருக்கிறது.

முகம் மறைந்தால் மனிதர் என்ன செய்வார் என்பது தத்துவத்தின் பழைய கேள்வி. பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில் கிளாக்கன் ஒரு கதை சொல்கிறான். லிடியா நாட்டு இடையன் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதன் குமிழை உட்புறம் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். உடனே அவன் அரண்மனைக்குப் போகிறான், அரசியை வசப்படுத்துகிறான், அரசனைக் கொன்று நாட்டை எடுத்துக்கொள்கிறான். நல்லவனிடம் கொடுத்தாலும் அவனும் இதையேதான் செய்வான் என்பது கிளாக்கனின் வாதம். யார் வீட்டுக்குள்ளும் நுழையலாம், யாரோடும் படுக்கலாம் என்று அவன் அடுக்குகிறான்.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது எனக்கு முதலில் படுவது, மோதிரம் யார் கையில் இருப்பதாகக் கற்பனை செய்யப்படுகிறது என்பதுதான். பார்வையிலிருந்து மறைவது என்றால் தடையின்றித் தீங்கு செய்வது என்று நினைப்பவன், தன்னை யாரும் உற்றுப் பார்க்காமல் ஏற்கெனவே தெருவில் நடக்கிறவன். அதே மோதிரம் எங்கள் பகுதிப் பெண்களிடம் கிடைத்தால் என்ன செய்வோம் என்று ஒருமுறை தோழிகளிடம் கேட்டேன். ஒருத்தி, ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாகக் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்திருப்பேன் என்றாள். இன்னொருத்தி, பேருந்தில் கடைசி இருக்கையில் தூங்குவேன் என்றாள். அரண்மனை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. வண்டி ஓட்டும்போது துப்பட்டாவால் கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றிக்கொள்ளும் பெண்களைக் கேட்டால் வெயில், தூசி என்பார்கள். அது உண்மைதான். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் உற்றுப் பார்ப்பதும் அந்தத் தூசியில் சேர்த்திதான்.

ஆனால் மறைவு தன்னளவில் நல்லது என்று சொல்லிவிட முடியாது. பேரரசின் வெள்ளைக் கவச வீரர்களுக்கும் முகம் கிடையாது. 2015-இல் வந்த 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்தில் கேப்டன் ஃபாஸ்மாவாக க்வெண்டலின் கிறிஸ்டி நடித்தார். வெள்ளி போல மின்னும் முழுக் கவசம். மார்பு வடிவம் துருத்தி நிற்கவில்லை. படம் முழுக்க ஒரு முறைகூட முகம் காட்டப்படவில்லை. பெண்ணுடலைக் காட்சிப்பொருளாக்காத கவசம் என்று நாம் மகிழலாம். அதே ஃபாஸ்மாதான் நிராயுதபாணிகளான கிராமத்தாரைச் சுடும் வீரர்களுக்குத் தலைவியாக நிற்கிறாள். சுட்டவர்களின் முகம் தெரியாததால் யாரிடம் நியாயம் கேட்பது என்பதும் தெரியாது. கண்ணாடி மறைப்புக்குப் பின்னால் நின்று தடியோங்கும் காவலரை எதிர்கொண்ட எவருக்கும் இது புரியும்.

ஆகவே மறைந்திருப்பது சரியா தவறா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. பிறர்மேல் அதிகாரம் செலுத்துகிறவர் முகத்தைக் காட்டக் கடமைப்பட்டவர். அவரிடம் கணக்குக் கேட்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அதிகாரத்தின் பார்வைக்கு இரையாகிறவருக்கோ முகத்தைத் தன் வசம் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. ஃபாஸ்மாவையும் பௌஷ் வேடமிட்ட லேயாவையும் ஒரே தராசில் வைக்க முடியாதது இதனால்தான். ஒருத்தி கொல்லப் போகிறாள், மற்றவள் கைதியை விடுவிக்கப் போகிறாள். இடையன் போனது போலவே இவளும் அரண்மனைக்குள்தான் போகிறாள். போன நோக்கம் வேறு.

இதையெல்லாம் நான் யோசித்தது புத்தகத்தை வைத்துக்கொண்டு அல்ல, உப்புத்தாளை வைத்துக்கொண்டு. முப்பரிமாண அச்சில் எடுத்த கவசத்தின் மேல் கோடுகோடாக அடுக்குகள் தெரியும். பட்டி பூசி, காய வைத்து, முதலில் 120-ஆம் எண் உப்புத்தாளால், பிறகு 400-ஆம் எண்ணால், கடைசியில் 800-ஆம் எண்ணைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். அதன்மேல் பிரைமர். பிறகு வெள்ளி வண்ணம். வெள்ளி காய்ந்ததும் எங்கெங்கே வண்ணம் உரிந்திருக்க வேண்டுமோ அங்கெல்லாம் வாசலைன் தொட்டு வைத்து, அதன்மேல் மண்ணிறத்தை அடிக்க வேண்டும். காய்ந்த பிறகு துணியால் துடைத்தால் வாசலைன் இருந்த இடத்தில் மேல்வண்ணம் வந்துவிடும். அடியிலிருக்கும் வெள்ளி எட்டிப் பார்க்கும். பல ஆண்டுகள் உழைத்த உலோகம் போலத் தோன்றும். கறுப்பையும் பழுப்பையும் தண்ணீராகக் கரைத்துப் பூசி உடனே துடைத்தால் இடுக்குகளில் மட்டும் அழுக்கு தங்கும்.

இந்தத் தேய்மானத்தை இஷ்டத்துக்குத் தீட்ட முடியாது. ஒவ்வொரு கீறலுக்கும் காரணம் வேண்டும். சுவரில் உரசும் விளிம்பு எது, கீழே வைத்தால் தரையில் படும் இடம் எது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். அதிகம் தேய்வது தாடைக்குக் கீழுள்ள விளிம்பு. அணிகிறவர் கழற்றும்போது இரண்டு கட்டைவிரல்களும் அங்கேதான் அழுந்தும். வேறொருவர் கழற்றுவதானால் தேய்மானம் காதுப் பக்கத்திலோ பின்னந்தலையிலோ விழும். கையின் தடத்தைப் பார்த்தே இது யாரால் கழற்றப்படும் கவசம் என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கவசத்தைச் செய்யச் சொன்னவர் ஒரு விழா ஏற்பாட்டாளர். மேடையில் ஒரு பெண் கவசத்தோடு வந்து நிற்பாள். தொகுப்பாளர் கூட்டத்தைப் பத்திலிருந்து தலைகீழாக எண்ணச் சொல்வார், பூச்சியம் வந்ததும் பின்னாலிருந்து கவசத்தை ஒரே இழுப்பில் தூக்குவார், உள்ளே பெண்! கைதட்டல். அதற்கு வசதியாகப் பின்பாகத்தைத் தனியாக வெட்டி, இழுத்ததும் விடுபடும்படி காந்தம் வைக்கச் சொன்னார். தொழில்நுட்பத்தில் இது கடினமல்ல. கழுத்துத் துளை சிறியது என்பதால் இப்படிப்பட்ட கவசங்களைப் பெரும்பாலும் இரண்டாகவே பிரித்துச் செய்வோம்.

தலை அளவு கொடுக்க வந்தாள், மேடையில் நிற்கக் கூலிக்கு அமர்த்தப்பட்ட அந்தப் பெண். 55 சென்டிமீட்டர். அளந்து முடித்து எழுந்தபோது, "அக்கா, இதை நானே கழற்ற முடியுமா?" என்று கேட்டாள். முடியும்மா, ஏன் என்றேன். "யாரோ பின்னாலிருந்து தலையைப் பிடிச்சு இழுக்கிறது நெனச்சாலே ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் சிறு தாழ்ப்பாள் ஒன்றைத் தாடைக்குக் கீழே, உட்பக்கமாக, அவள் கட்டைவிரல் எட்டும் இடத்தில் வைத்தேன். அவளுக்கு மயக்கம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் திறக்க வேண்டுமே. அதை எப்படித் திறப்பது என்று அவளோடு வரும் தோழிக்கும் காட்டிக் கொடுத்தேன். பின்னாலிருந்து இழுத்தால் மட்டும் வராது. ஒப்படைக்கும் முன்பே ஏற்பாட்டாளரிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம். "காசு கொடுக்கிறது நான், அப்படியே காப்பி அடிக்கத்தானே சொன்னேன்?" என்றார்.

அவர் வாதத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. நகல் செய்பவளுக்கு முதல் நேர்மை மூலத்துக்கு உண்மையாக இருப்பது. ஆனால் மூலத்தில் என்ன நடக்கிறது? லேயாவின் கவசத்தை யாரும் பிடுங்கவில்லை. உறைவிலிருந்து மீண்டு கண் தெரியாமல் தடுமாறும் காதலன் முன்னால் அவளே கழற்றுகிறாள், தான் யார் என்று சொல்வதற்காக. படம் அடுத்த காட்சியில் அவளைக் காட்சிப்பொருளாக்குகிறது என்பது வேறு. கழற்றியது அவள் கை. காந்தம் வைத்திருந்தால் நான் செய்தது நல்ல நகலாகக்கூட இருந்திருக்காது.

கூலியைப் பற்றிய பாதி வாதம் மிச்சம் இருக்கிறது. இங்கே ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. பேரரசு வீரர்களின் தலைக்கவசத்தை 1976-இல் இங்கிலாந்தில் வார்த்துக் கொடுத்த ஆண்ட்ரூ எயின்ஸ்வொர்த், பல ஆண்டுகள் கழித்து அவற்றை விற்கத் தொடங்கியபோது லூகாஸ்ஃபில்ம் வழக்குத் தொடுத்தது. அந்தக் கவசம் சிற்பமா என்பது கேள்விகளில் ஒன்று. 2011-இல் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் அது சிற்பமல்ல என்றது. படம் எடுப்பதற்குப் பயன்பட்ட பொருள் அது. கலைப்படைப்பு என்பது படம்தான் என்ற பார்வை. கலைஞர்கள் சிலருக்கு இது வருத்தம். எனக்கு இல்லை. பயன்படும் பொருள் என்றால் பயன்படுத்துகிறவர் ஒருவர் உண்டு. செருப்பு தைப்பவர் பணம் யார் கொடுத்தாலும் நடக்கப்போகிற காலைத்தான் அளக்கிறார். தலைக்கவசத்துக்கும் அதே நியதி பொருந்தும். பணம் கொடுத்தவருக்கு நல்ல வேலையும் உண்மையான பேச்சும் கடன். அணிகிறவரின் உடல்மீது உரிமையை நான் விற்க முடியாது; அது என்னிடம் இல்லை.

ஒரு தாழ்ப்பாளுக்கு இத்தனை பேச்சா என்று தோன்றலாம். 1979 புரட்சிக்குப் பிறகு ஈரான் அரசு பெண்களின் தலையை மூடக் கட்டாயப்படுத்தியது. 2010-இல் பிரான்சு பொது இடங்களில் முகத்தை மூடுவதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. ஒன்று மதத்தின் பெயரால், மற்றது குடியரசின் பெயரால். இரண்டும் எதிரெதிர் என்று விவாதிக்கிறோம். முக்காட்டின் விளிம்பைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்தால் இரண்டிலும் அது அவளுடையதல்ல. அங்கே போட்டுவிடும் கை, இங்கே எடுத்துவிடும் கை. முகத்தைக் காட்டுவதுதான் விடுதலை என்று நம்புகிறவர்கள், பின்னாலிருந்து இழுக்கும் தொகுப்பாளரையும் விடுதலை தருபவராகவே எண்ணிக்கொள்வார்கள்.

ஏற்பாட்டாளர் பேசிய தொகையில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு கவசத்தை வாங்கிப் போனார். நிகழ்ச்சியை மாற்றிக்கொள்ளவும் செய்தார். கூட்டம் எண்ணியதா என்று பிறகு அந்தப் பெண்ணிடம் தொலைபேசியில் கேட்டேன். "எண்ணினாங்க அக்கா. முடிச்சிட்டு அமைதியாயிட்டாங்க. நான் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்து எல்லாரையும் பாத்துட்டு, அப்புறமா கழற்றினேன்" என்றாள்.

பிளேட்டோவின் இடையன் மோதிரத்தைத் திருப்பும்போது குமிழ் அவன் விரலிலேயே இருக்கிறது. மறைவதும் தோன்றுவதும் அவன் விருப்பம். அந்த ஒன்றை மட்டும் அவனிடமிருந்து பெண்கள் எடுத்துக்கொள்ளலாம். அரண்மனையை அவனே வைத்துக்கொள்ளட்டும்.