எண்ணும் மானமும்

வலியவன் ஒருவன் எளியவனோடு போட்டியிடுங்கால், தன் வலிமை முழுவதையும் காட்டுதல் முறையா, அன்றி இரங்கிப் பாதியில் நிறுத்திக்கொள்ளுதல் அறமா? இவ்வினா விளையாட்டைப் பற்றியதாகத் தோன்றினும், வாழ்க்கை முழுவதையும் தொடுவதாகும். கிரிக்கெட் ஆட்டத்தில் நிகழ்ந்த இரு சம்பவங்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

2022-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், பெங்களூர் சின்னசாமி மைதானத்தில், விஜய் ஹசாரே கோப்பைப் பந்தயத்தில் தமிழ்நாடும் அருணாசலப் பிரதேசமும் எதிர்த்து ஆடின. கோயமுத்தூரில் பிறந்த நாராயண் ஜெகதீசன் 141 பந்துகளில் 277 ஓட்டங்கள் குவித்தார். இவ்வகை ஒருநாள் ஆட்டங்களில் அதற்கு முன் எவரும் அவ்வளவு எடுத்ததில்லை. 2002-இல் சர்ரே அணியின் அலிஸ்டர் பிரௌன் எடுத்த 268-ஏ அதுவரை உச்சமாயிருந்தது. சாய் சுதர்சன் 154 எடுத்தார். தமிழ்நாடு 2 விக்கெட் இழப்பிற்கு 506. அருணாசலமோ 71-இல் சுருண்டது.

"நோஞ்சானை அடிப்பது என்ன வீரம்?" என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. அருணாசலம் இப்பந்தயத்தில் சேர்க்கப்பட்டதே 2018-இல்தான். எனினும், அதற்குப் பரிகாரம் ஜெகதீசன் 150-இல் மட்டையைக் கீழே வைப்பதா? இரங்கி விட்டுக்கொடுப்பவன், எதிரியைச் சமமானவனாக மதியாது, பிச்சை ஏற்பவனாக மதிக்கின்றான். எளியவனுக்கு வேண்டுவது இரக்கமன்று. ஆடுகளமும் பயிற்சியும் காலமுமே. அவற்றைத் தரவேண்டியது பந்தயத்தை நடத்துவோர் கடமை. மட்டை பிடித்தவன் கடமையன்று.

நிற்க. மற்றொரு சம்பவத்தைப் பார்ப்போம். 1948-ஆம் ஆண்டு டிசம்பரில், பூனாவில், ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில், மகாராஷ்டிரத்தின் பாவுசாகேப் நிம்பால்கர் கத்தியவார் அணிக்கெதிராக 443 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காது நின்றார். 1930-இல் பிராட்மன் எடுத்த 452-ஐ எட்ட 9 ஓட்டங்களே குறை. அவ்வேளை, கத்தியவார் அணித் தலைவரான ராஜ்கோட் மன்னர், தோல்வியை ஒப்புக்கொண்டு, இடைவேளைக்குப் பின் ஆட மறுத்துவிட்டார். தம் அணிக்கு எதிராக அத்தகைய சாதனை பதிவாவதை அவர் விரும்பவில்லை என்பர். நிம்பால்கரின் கணக்கு 443-உடன் நின்றது.

மன்னர் பக்கமும் சொல்ல ஒன்றுண்டு. வெல்ல வழியே இல்லாத ஆட்டத்தில் வெயிலில் பந்து பொறுக்கிக்கொண்டிருக்க யாருக்குத்தான் மனம் வரும்? தோல்வியை ஒப்புக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் களத்தில் இறங்கியவன், வென்றால் மட்டுமே முடிவுவரை நிற்பேன் என்று நிபந்தனை போட்டு இறங்குவதில்லை. அவர் காக்க முயன்றது மானத்தையன்று. கௌரவத்தின் தோற்றத்தை மட்டுமே. அருணாசல வீரர்களோ, 506 ஓட்டங்களையும் வாங்கிக்கொண்டு, தம் மட்டைகளை எடுத்துக்கொண்டு மீண்டும் களத்துள் சென்றனர். ராஜ்கோட் மன்னரினும் இவர்களே மானமுடையோர் என்பது என் துணிபு.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் விளங்கும். 443 அங்கே நின்றதற்குக் காரணம், பதினொருவர் வெளியேறியது. 277 எழுந்ததற்குக் காரணங்களில் ஒன்று, பதினொருவர் வெளியேறாதது. ஆகவே சாதனை எண்ணுக்கு எதிரே ஒருவர் பெயரை மட்டும் எழுதுவது கணக்கின் வசதியே தவிர, முழு உண்மையன்று.

தோட்டத்து நண்பர்களே! நம் பிள்ளைகள் பட்டணத்துப் பிள்ளைகளோடு படிப்பிலும் பந்தயத்திலும் மோதுகையில், பெருந்தோல்வி காணும் நாட்களும் வரும். அன்று அவர்களுக்காக எவரும் விட்டுக்கொடுக்க வேண்டுமென்று நாம் கேட்கலாகாது. திடல் வேண்டும், ஆசிரியர் வேண்டும், சமவாய்ப்பு வேண்டும் என்று உரக்கக் கேட்போம். பிள்ளைகளிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: கடைசிப் பந்து வரை களத்தில் நில்லுங்கள்.